உவர்நீரில் வாழும் நுண்ணுயிர்களும் அவற்றின் பெயர்களும்



சீகிரியாக் குன்றில் ஏறுவோர், ஓவியங்களைக் கண்டு இறங்கியதும் கண்ணாடிச் சுவர் எனப்படும் நெடுஞ்சுவரின் அருகே நடந்து செல்வர். கி.பி. 5ஆம் நூற்றாண்டில், காசியப்ப மன்னன் காலத்தில், சுண்ணச் சாந்து பூசி முகம் தெரியுமளவுக்கு மெருகிடப்பட்ட சுவர் அது. பின்வந்த நூற்றாண்டுகளில் அவ்விடத்தைக் காண வந்தவர்கள் அச்சுவரிலே பாடல்களைக் கீறி வைத்துச் சென்றனர். பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றுள் 685ஐப் படித்தறிந்து 1956இல் நூலாக வெளியிட்டார். அவ்வெழுத்துகளிலே என்னை மிகவும் கவர்ந்தது கவிநயமன்று. எழுதியவர்களுட் பலர் தம் பெயரையும், தாம் வந்த ஊரையும் சேர்த்தே பொறித்திருப்பதுதான். பெயர் மட்டும் இருந்தால் அவர் யாரோ ஒருவர். ஊரும் சேர்ந்தால் இன்னார் என்று ஆகிவிடுகிறார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் பெயரும் ஊரும் பற்றியதே. ஆனால் இவை மனிதரின் பெயர்கள் அல்ல. கண்ணுக்குத் தெரியாத, உப்பும் காரமும் மிகுந்த நீரிலே வாழ்கின்ற நுண்ணுயிர்களின் பெயர்கள். நான் கலைப்பட்டதாரி, விஞ்ஞானம் என் துறையன்று. இத்துறையில் நான் கால்வைத்தது, என் மாணவன் ஒருவனுக்கு நான் சொன்ன தவறான விடை ஒன்றினாலே.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளைப் புத்தளத்து உப்பளங்களைப் பார்க்க அழைத்துச் சென்றிருந்தோம். கடல்நீரைப் பாத்தி பாத்தியாகக் கடத்தி வற்றவிடும் முறையை அங்கு நின்ற தொழிலாளர் ஒருவர் பொறுமையோடு விளக்கினார். கடைசிப் பாத்திகளிலே நீர் இளஞ்சிவப்பாக இருந்தது. "ஐயா, இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?" என்று ஒரு மாணவன் கேட்டான். "செம்மண் கரைந்திருக்கும்" என்றேன் நான், சற்றும் தயங்காமல். அருகில் நின்ற தொழிலாளர் மெல்லச் சிரித்து, "இல்லை, சேர். நீர் முற்றினால் தானாகச் சிவக்கும். சிவந்தால் உப்பு விளையப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும்" என்றார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். வீடு திரும்பியதும் நூல்களைத் தேடினேன்.

அச்சிவப்பு உயிர்ப்பொருள். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு இருக்கிறது. உப்பு விளையும் பாத்தியிலோ அது நூற்றுக்கு இருபத்தைந்தையும் தாண்டிவிடும். அத்தகைய நீரில் சாதாரண உயிரணு ஒன்றை இட்டால், அதனுள் இருக்கும் நீர் வெளியே உறிஞ்சப்பட்டு அது வாடிப்போகும். கருவாடு கெடாமல் இருப்பது இதனால்தான். ஆனால் சில நுண்ணுயிர்கள் தம் உடலினுள்ளே பொற்றாசியம் குளோரைட்டு என்னும் வேறோர் உப்பை நிறைத்துக்கொண்டு, வெளியிலிருக்கும் உப்புக்கு ஈடுகொடுத்து நிற்கின்றன. அவற்றுட் சிலவற்றை நன்னீரில் இட்டால் உடல் வெடித்துக் கரைந்துவிடும். நமக்கு உயிர் தரும் நீர் அவற்றுக்கு நஞ்சு! வெயிலின் கொடுமையிலிருந்து காத்துக்கொள்ள அவை செந்நிறப் பொருளொன்றை உடலில் வைத்திருக்கின்றன. துனலியெல்லா என்னும் பாசி ஒன்றும் உப்பளச் சிவப்பில் பங்குகொள்வதுண்டு. சிவந்த நீர் சூரிய வெப்பத்தை மிகுதியாக ஏற்று விரைவில் வற்றுவதால், இவ்வுயிர்கள் உப்புத் தொழிலாளரின் கூலியில்லா வேலையாட்கள் என்றே சொல்லலாம்.

கருவாட்டைப் பற்றிச் சொன்னேன். உப்பிட்ட மீனிலே சில வேளைகளில் செந்நிறம் படர்வதைக் கடைக்காரர் அறிவர். கனடா நாட்டிலும் உப்பிட்ட கொட் மீன் இவ்வாறு சிவந்து வணிகருக்கு நட்டம் விளைத்தது. அதை ஆராய்ந்த ஹரிசன், கெனடி என்னும் இருவர் 1922இல் அச்சிவப்புக்குக் காரணமான உயிரைப் பிரித்தெடுத்து, சூடோமோனாஸ் சலினேரியா என்று பெயரிட்டனர். 1957இல், சாக்கடலில் உயிர் உண்டென்று முன்னர்க் காட்டியவரான எலசாரி வொல்கானி என்னும் அறிஞர், அது சூடோமோனாஸ் கூட்டத்தைச் சேர்ந்ததன்று எனக் கண்டு, ஹாலோபற்றீரியம் என்ற தனிப் பேரினத்தை அமைத்து அதில் வைத்தார். எங்கள் பாடநூல்கள் பேரினத்தைச் சாதி என்று எழுதும். அச்சொல் நம் சமூகத்தில் வேறு நினைவுகளைக் கிளறுவதால் நான் பேரினம் என்றே சொல்லி வருகிறேன்.

ஹாலோபற்றீரியம் என்பது பேரினப் பெயர். நம் குடும்பப் பெயரைப் போன்றது. அதையடுத்து வரும் சொல் இனத்தின் பெயர். இவ்வுயிரின் இரண்டாம் சொல் முதலில் சலினேரியம் என்றிருந்தது. பிறகு, 1996இல், இலத்தீன் இலக்கணப்படி அது பிழையென்று காட்டிச் சலினாரம் என்று திருத்தினார்கள். சலினாரம் என்றால் 'உப்பளங்களின்' என்று பொருள். நம் இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமை என்போமே, அதன் பன்மை வடிவம். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்காக விஞ்ஞானிகள் வேற்றுமையுருபைத் திருத்திக்கொண்டிருந்தார்கள் என்பதை அறிந்தபோது, நாற்பது மாணவரின் கட்டுரைகளில் உருபுகளைச் சிவப்பு மையால் திருத்திக் களைத்த எனக்கு அவர்கள் மீது ஒரு பாசமே பிறந்தது.

இதுவரை உப்பைப் பற்றியே பேசினேன். காரமும் சேர்ந்தால் நிலைமை வேறு. காரம் என்ற சொல்லை நாம் மிளகாய்க்கும் ஆளுகிறோம். இங்கே நான் சொல்லுவது சவுக்காரத்தில் உள்ள காரம். முற்காலத்தில் வண்ணார் துணி வெளுக்கப் பயன்படுத்திய உவர்மண்ணின் காரம் அது. சோடியம் காபனேற்று என்பது அதன் பெயர். புத்தளத்து உப்பளத்தில் இக்காரம் பெரிதும் இல்லை. அதற்குக் காரணம் எளிமையானது. கடல்நீரில் கல்சியமும் மகனீசியமும் காபனேற்றைவிட அதிகம். நீர் வற்றும்போது காபனேற்று அவற்றோடு கூடிச் சுண்ணாம்பாக அடியிற் படிந்துவிடுகிறது; எஞ்சுவது கறியுப்பே. ஆனால் சில நிலங்களில், வெளிப்போக்கு இல்லாத குழிகளில் தேங்கும் நீரில், கல்சியம் குறைவாகவும் காபனேற்று மிகுதியாகவும் இருக்கும். அங்கே நீர் வற்ற வற்றக் கல்சியம் முழுவதும் படிந்து தீர்ந்த பின்னும் காபனேற்று மிஞ்சும். மிஞ்சியது சோடியத்தோடு சேர்ந்து ஏரி முழுவதையும் சவுக்கார நீர் போல் ஆக்கிவிடும். தூய நீரின் பி.எச். பெறுமானம் 7 என்றால், இத்தகைய ஏரிகளில் அது 9, 10, சில இடங்களில் அதற்கும் மேல். கெனியாவின் மகாடி ஏரி, எகிப்தின் வாடி நட்ரூன் பள்ளத்தாக்கு, இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்து லோனார் ஏரி ஆகியன இவ்வகையின.

வாடி நட்ரூன் என்ற பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அங்கே விளைந்த நேட்ரன் என்னும் உவர்க்காரத்தைக் கொண்டுதான் பண்டை எகிப்தியர் தம் மன்னர்களின் உடல்களை உலர்த்திப் பதப்படுத்தினர். சோடியத்தை இன்றும் 'என்.ஏ.' என்ற இரண்டெழுத்தால் குறிப்பதும் நேட்ரன் என்னும் சொல்லின் வழிவந்ததே. உடல் அழுகாமற் காத்த அதே பொருளிலே உயிர் வாழும் என்று எவர்தாம் எண்ணியிருப்பார்? ஆனால் அப்பள்ளத்தாக்கின் ஏரியொன்றில் செந்நிற நுண்ணுயிர் ஒன்று செழித்திருந்தது. 1982இல் சொலிமான், துரூப்பர் என்ற இருவர் அதை விவரித்து, ஹாலோபற்றீரியம் பாரோனிஸ் என்று பெயரிட்டனர். பாரோனிஸ் என்றால் 'பாரோ மன்னனின்' என்பது பொருள். மீண்டும் ஆறாம் வேற்றுமை!

இவ்வுயிரின் வரலாறு பெயரிடுதலின் சிக்கலை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. இரண்டே ஆண்டுகளில், 1984இல், திண்டால், ரோஸ், கிராண்ட் என்ற மூவர் கெனியாவின் மகாடி ஏரியில் இதை ஒத்த உயிர்கள் சிலவற்றைக் கண்டனர். அவை உயர்ந்த காரத்தை வேண்டி நின்றன. மகனீசியம் மிகச் சிறிதளவு இருந்தாலே அவற்றுக்குப் போதுமாயிருந்தது. உடற்சவ்வின் கொழுப்பும் வேறுபட்டிருந்தது. உப்பளத்துக்காரரையும் சோடா ஏரிக்காரரையும் ஒரே வீட்டில் வைத்திருப்பது முறையன்று என்று கருதி, நேட்ரனோபற்றீரியம் என்ற புதுப் பேரினத்தை அமைத்தனர். அதன் முதல் இனத்துக்கு, கெனியாவின் பிளவுப் பள்ளத்தாக்கை ஆராய்ந்த நிலவியலாளர் கிரிகோரியின் பெயரால் கிரிகோரியை என்று பெயர் வைத்தனர். மகாடி ஏரியின் பெயரால் மகாடியை என்றொரு தம்பி. எகிப்திலிருந்து பாரோனிசும் அவ்வீட்டுக்குக் குடிமாறி, நேட்ரனோபற்றீரியம் பாரோனிஸ் ஆயிற்று. பின்னர் வாகுவோலேட்டம் என்ற நான்காமவரும் சேர்ந்தார்.

இவ்வீடும் நிலைக்கவில்லை. உயிரணு ஒவ்வொன்றிலும் புரதம் செய்யும் பட்டறைகள் உள்ளன. அப்பட்டறையின் உறுப்புகளுள் ஒன்றான ஆர்.என்.ஏ. மூலக்கூறு ஏறத்தாழ 1,500 எழுத்துகளைக் கொண்ட ஓலை போன்றது. உறவினரிடையே அவ்வோலைகளின் எழுத்துகள் நெருங்கி ஒத்திருக்கும், தூரத்தவரிடையே வேறுபடும். ஏட்டுச் சுவடிகளின் பாடபேதங்களை ஒப்பிட்டு எந்தச் சுவடி எதிலிருந்து படியெடுக்கப்பட்டது என்று உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஆராய்ந்தனர் அல்லவா? ஏறக்குறைய அதே முறைதான். இவ்வாறு ஒப்பிட்டுப் பார்த்த ஜப்பானிய அறிஞர் கமேகுராவும் அவர்தம் தோழரும் 1997இல் நால்வரில் மூவரை வெளியேற்றினர். மகாடியை நேட்ரியால்பா பேரினத்துக்கும், வாகுவோலேட்டம் ஹாலோரூப்ரம் பேரினத்துக்கும் சென்றன. பாரோனிசுக்காக நேட்ரனோமோனாஸ் என்ற புதுவீடு எழுந்தது. கிரிகோரியை தனித்து நின்றது.

பதினைந்து ஆண்டுகளில் ஓருயிர்க்கு மூன்று வீடுகள். இதைக் கேட்டதும் என் மாணவன், "அப்படியானால் முதலிருவரும் பிழைவிட்டார்கள் தானே, ஐயா?" என்றான். அவனுக்கு நான் சொன்னது இது: முதல் சொல் மாறியது, இரண்டாம் சொல்லைப் பார். பாரோனிஸ் என்ற சொல் மூன்று முறையும் அப்படியே நிற்கிறது. உறவுமுறையைப் பற்றிய நம் அறிவு வளர வளரக் குடும்பப் பெயர் மாறலாம். முதலில் விவரித்தவர் சூட்டிய இனப்பெயரை மாற்ற, பிறகு வருபவருக்கு உரிமையில்லை. இலக்கணத்துக்காக ஈறு திருத்தலாம், அவ்வளவே. ஆகவே 1982ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படிப்பவரும் இன்றைய கட்டுரையைப் படிப்பவரும் ஒரே உயிரைப் பற்றியே பேசுகிறார்கள் என்று அறிந்துகொள்ளலாம்.

பெயர் என்பது வெறும் ஒலியாக இருந்தால் இந்த உறுதி கிட்டாது. நுண்ணுயிருக்குப் பெயரிடுபவர் அதன் தன்மைகளை விவரித்தால் மட்டும் போதாது. மூலமாக வைத்தெண்ணத்தக்க ஒரு வளர்ப்பை, உயிரோடு, இருவேறு நாடுகளிலுள்ள இரண்டு சேமிப்பு நிலையங்களில் ஒப்படைக்க வேண்டும். வேறெந்த நாட்டாரும் அதைக் கேட்டுப் பெற்று, தம்மிடமுள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெயரைப் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்று வெளியிட வேண்டும். முன்னாளில் இக்கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்தமையால் பல பதினாயிரம் பெயர்கள் குவிந்து, எப்பெயர் எவ்வுயிரைக் குறிக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாத நிலை வந்தது. 1980ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி ஒரு பட்டியலை வெளியிட்டு, அதிலுள்ள 2,000 சொச்சம் பெயர்களே செல்லும் என்று வரையறுத்துவிட்டனர். ஏனையவை கிழிந்த நோட்டுகள் போலாயின. வளர்க்க முடியாத நுண்ணுயிர்கள் எண்ணற்றவை. அவற்றுக்கு மரபணு எழுத்துகளை மட்டும் சான்றாகக் கொண்டு பெயரிடலாம் என்ற தனி விதிநூல் ஒன்று 2022இல் வெளிவந்தது. கையிற் பிடித்துக் காட்ட இயலாத ஒன்றுக்குப் பெயர் வைக்கலாமா என்ற வாதம் அறிஞரிடையே இன்னும் ஓயவில்லை. பழைய முறையிலேயே என் மனம் நிற்கிறது. ஆனால் அது வயதின் காரணமாகவும் இருக்கலாம்.

இன்னொரு கேள்வி எஞ்சியிருக்கிறது. ஹாலோபற்றீரியம், நேட்ரனோபற்றீரியம் எனப் பெயர்களில் பற்றீரியம் என்ற சொல் இருக்கிறது. ஆனால் இவை பற்றீரியாக்கள் அல்ல! 1977இல் அமெரிக்க அறிஞர் கார்ல் ஊஸ், தம் தோழர் பொக்சுடன் சேர்ந்து, நான் மேலே கூறிய ஓலைகளை ஒப்பிட்டு, பற்றீரியாவைப் போல் தோன்றும் சில உயிர்கள் உண்மையில் முற்றிலும் வேறான குலத்தைச் சேர்ந்தவை என்று காட்டினார். உப்பில் வாழும் இச்செந்நிற உயிர்களும் அக்குலத்தினவே என்பது விரைவிலேயே தெளிவாயிற்று. 1990இல் அக்குலத்துக்கு ஆர்க்கியா என்ற பெயர் நிலைபெற்றது. சவ்விலும் வேறுபாடு உண்டு. பற்றீரியாவின் சவ்விலும் நம் சவ்விலும் உள்ள கொழுப்பு, எசுத்தர் என்னும் பிணைப்பால் ஆனது. கொழுப்பைக் காரத்தோடு காய்ச்சிச் சவுக்காரம் செய்யும்போது உடைவது அப்பிணைப்பே. ஆர்க்கியாவின் சவ்விலோ ஈதர் என்னும் பிணைப்பு; காரம் அதை எளிதில் உடைப்பதில்லை. இதனால் கார ஏரிகளில் ஆர்க்கியா மட்டுமே வாழும் என்று எண்ணிவிட வேண்டாம். உண்மையான பற்றீரியாக்களும் அங்கே வேறு உத்திகளால் வாழ்கின்றன.

அப்படியானால் பெயரிலுள்ள பற்றீரியம் என்ற சொல்லை நீக்கக் கூடாதா? கூடாது என்கிறது விதி. பொருள் பொருந்தவில்லை என்பதற்காக முறைப்படி சூட்டிய பெயரை மாற்ற இயலாது. கறுப்பாயிருப்பவருக்கு வெள்ளையன் என்று பெயரிருந்தால், அவரைக் கச்சேரிப் பதிவேட்டில் வேறு பெயரால் எழுதுகிறோமா?

நமக்கு அண்மையிலுள்ள சோடா ஏரி லோனார். விண்கல் ஒன்று கருங்கற்பாறையின் மீது மோதியதால் உண்டான, ஏறத்தாழ 1.8 கிலோமீற்றர் விட்டமுள்ள வட்டக் குழி அது. ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் நடுவத்தைச் சேர்ந்த சிவாஜி என்னும் அறிஞரின் குழுவினர் அந்நீரிலிருந்து பற்றீரியா ஒன்றைப் பிரித்து, 2010இல் இண்டிபக்டர் அல்கலிபிலஸ் என்று பெயரிட்டனர். இந்தியாவின் கோலுயிர், காரத்தை விரும்புவது என்று பொருள். 2012இல் அதே ஏரியிலிருந்து இன்னொரு புதிய பேரினம். அதற்குச் செசெம்பியா லோனாரென்சிஸ் என்று பெயர். செசெம்பியா எந்த மொழிச் சொல் என்று நான் அகராதியில் வெகுநேரம் தேடினேன். அந்நடுவத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சி.சி.எம்.பி.; அவற்றை வேகமாக உச்சரித்து இலத்தீன் ஈறு கொடுத்திருக்கிறார்கள்! கண்ணாடிச் சுவரில் பெயர் பொறித்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

இப்பெயர்கள் அறிஞரின் விளையாட்டல்ல என்பதை 2020ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் லோனார் ஏரி முழுவதும் திடீரென இளஞ்சிவப்பாயிற்று. ஊரார் வியந்தனர்; அஞ்சியவரும் உண்டு. நஞ்சு கலந்ததோ, பாசி படர்ந்ததோ என்று பலவாறு பேச்சு எழுந்தது. விடயம் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு வரை சென்றது. புனே நகரத்து அகர்கர் ஆராய்ச்சி நிலையத்தார் நீரை ஆராய்ந்து, அது உப்பை விரும்பும் ஆர்க்கியாக்களின் நிறமே என்று அடுத்த மாதமே கூறிவிட்டனர். மழையின்றி, வெப்பம் மிகுந்து, நீர்மட்டம் தாழ்ந்து, உப்பு ஏறியமையால் அவை பெருகின. அவ்வுயிர்கள் அடியில் படிந்ததும் நிறம் மறைந்தது. 1922இல் கனடாவில் ஒரு மீனில் தொடங்கிய பெயரேடு கையில் இல்லாதிருந்தால், அவ்வளவு விரைவில் அவ்விடை கிடைத்திராது. 'செம்மண் கரைந்திருக்கும்' என்று சொல்ல என்னைப் போல் ஒருவர் அங்கும் இருந்திருப்பார்.

சுண்ணச் சுவர்களையும் இவ்வுயிர்கள் விட்டுவைப்பதில்லை. சுவரில் ஈரம் ஏறி வெள்ளையாக உப்புப் பூக்கும் இடங்கள் அவற்றுக்குச் சிற்றுப்பளங்கள். ஆஸ்திரியாவில் ஹெர்பெர்ஸ்டைன் கோட்டைச் சிற்றாலயத்தின் சுவரோவியங்களிற் கண்ட பற்றீரியா ஒன்றுக்கு 2002இல் ஹாலோமோனாஸ் மியூராலிஸ், அதாவது 'சுவருக்குரியது', என்று பெயரிட்டுள்ளனர். இதை வகுப்பிற் சொன்ன நாளன்று பிள்ளைகள் சாளரத்தின் வழியே குன்றைப் பார்த்ததைக் கண்டேன்.

சென்ற தவணையில் அந்த மாணவன் தன் பயிற்சிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஹாலோபற்றீரியம் புத்தளமென்சிஸ் என்று எழுதி என் மேசையில் வைத்தான். பற்றீரியம் இலத்தீனில் அஃறிணை போன்ற பொதுப்பால் சொல். அதனோடு வரும் ஊர்ப்பெயரின் ஈறு 'என்சே' என்றிருக்க வேண்டும். ஈற்றை மட்டும் சிவப்பு மையால் திருத்தி, வளர்ப்பை எந்த இரு நாடுகளில் ஒப்படைத்திருக்கிறாய் என்று கீழே எழுதிக் கொடுத்தேன். கொப்பி இன்னும் திரும்பி வரவில்லை.